நாகைக் கடற்கரையில் ஆறு நாள்: வீடு வீடாக ஒரு வரைபடம்

முதல் நாள் – அக்கரைப்பேட்டை

ஒன்பது வருஷமாக இந்தக் கடற்கரையைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோடியக்கரை மூக்கு எங்கே வளைகிறது, கடுவையாறு எங்கே கடலில் விழுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுவேன். ஆனால் செருப்புக்குள் மணல் புகுந்தது இன்றைக்குத்தான்.

திருச்சியில் ஏறி தஞ்சாவூர், திருவாரூர் தாண்டி நாகப்பட்டினத்தில் இறங்கும்போது மே மாத வெயில் முதுகில் உட்கார்ந்துவிட்டது. வந்த வேலை இதுதான்: புயலோ சுனாமியோ வந்தால் எந்த வீடு எவ்வளவு அடிபடும் என்று வீடு வீடாகக் கேட்டு, ஜிபிஎஸ் புள்ளி வைத்து, ஜிஐஎஸ் எனும், இடத்தோடு தகவலைச் சேர்த்துக் காட்டும் கணினி வரைபடத்தில் ஏற்றுவது. கைப்பேசியில் 42 கேள்விகள். கூரை என்ன, சுவர் என்ன, எத்தனை பேர், அதில் முதியவர் எத்தனை, நடக்க முடியாதவர் உண்டா, சேமிப்பு உண்டா, காப்பீடு உண்டா... கடைசியில் ஒவ்வொரு வீட்டுக்கும் சுழியத்திலிருந்து ஒன்று வரை ஒரு மதிப்பெண்; கூடக் கூட ஆபத்து அதிகம். பச்சை, மஞ்சள், சிவப்பு.

மே மாதத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், ஒரே நடையில் முடித்துவிடலாம் என்று கணக்கு. அந்தக் கணக்கைப் பற்றி மூன்றாம் நாள் எழுதுகிறேன்.

முதல் வீட்டிலேயே தடுமாறினேன். "உங்கள் குடும்பத்தின் பாதிப்புக்குள்ளாகும் தன்மையை அளவிட..." என்று ஆரம்பித்ததும், மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார். "தாங்குமா தாங்காதான்னு கேக்க வந்திருக்க. அத நேரா கேளும்மா." அதற்குப் பிறகு ஆறு நாளும் அப்படித்தான் கேட்டேன்.

அக்கரைப்பேட்டை பெயரிலேயே விஷயம் இருக்கிறது. நாகை ஊருக்குத் தெற்கே, கடுவையாற்றுக்கு அக்கரை. முன்னால் கடல், முதுகுப் பக்கம் உப்புத் தண்ணீர். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி வாக்கில் அலை வந்தபோது நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தமிழகத்தில் இறந்தவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு. அதில் இந்த ஊரும் பக்கத்துக் கீச்சாங்குப்பமும் பட்டது அதிகம்.

எங்கள் 9ஆம் கேள்வி, கடலிலிருந்து வீடு எத்தனை மீட்டர் என்பது. அதை யாரிடமும் கேட்கக்கூட வேண்டாம், கரைக்கோட்டிலிருந்து மென்பொருளே கணக்குப் போட்டுவிடும். கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன் அதைக் கேட்டுச் சிரித்தார். "கடல் எவ்வளவு தூரம்னு எதுக்கும்மா? கடல் அதுவா வந்துரும். பாலம் எவ்வளவு தூரம்னு கேளு, அங்க நாமதான் போவணும்."

சரி என்று நடந்து பார்த்தோம். நான் தனியாகப் பாலத்துக்கு ஒருமுறை. அப்புறம் அதே வீட்டுப் பாட்டியோடு, அவர் பேத்தியை நான் இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருமுறை. மூன்று மடங்கு நேரமானது. வழியில் சந்து ஒன்று; எதிரே ஆள் வந்தால் பாட்டி சுவரோடு ஒண்டி நின்று வழிவிட வேண்டியிருந்தது. திரையில் அந்தச் சந்து எனக்குத் தெரிந்ததே இல்லை, இரண்டு கூரைகள் ஒட்டியிருப்பதாகத்தான் தெரியும்.

43ஆவது கேள்வி சேர்ந்தது: வீட்டில் மெதுவாக நடப்பவரோடு பாலத்துக்கு எத்தனை நிமிஷம்?

இரண்டாம் நாள் – கீச்சாங்குப்பம், சுனாமி குடியிருப்பு

இன்றைக்கு நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

சுனாமிக்குப் பிறகு 2005இல் வந்த அரசாணைப்படி, கரையோரக் குடும்பங்கள் உள்ளே தள்ளிக் கட்டிய புது வீட்டை வாங்கிக்கொள்ளலாம், பழைய இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். அப்படி எழும்பிய கான்கிரீட் வீடுகள்தான் ஊருக்கு ஊர் 'சுனாமி குடியிருப்பு'. சுமார் 325 சதுர அடி. ஒரு கூடம், ஒரு அறை, சமையலுக்கு ஒரு மூலை. எங்கள் படிவத்தில் இந்த வீடுகள் எல்லாம் நல்ல பிள்ளைகள். கூரை கான்கிரீட், சுவர் செங்கல், கடலிலிருந்து தூரம். வரிசையாகப் பச்சை விழுந்துகொண்டே வந்தது.

மூன்றாவது வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். வாங்கிக் குடித்துவிட்டுத்தான் கவனித்தேன், நான் உட்கார்ந்திருந்தது வீட்டுக்குள் இல்லை. முன்பக்கம் சவுக்குக் கம்பு நட்டு, கீற்று வேய்ந்து ஒரு கொட்டகை இறக்கியிருந்தார்கள். அடுப்பு அங்கே. கிழவரின் கட்டில் அங்கே. தையல் மிஷின், ஆடு, பிள்ளைகளின் புத்தகப் பை எல்லாம் அங்கேதான். கான்கிரீட் கூரைக்குக் கீழே இருந்தவை வலையும், ஐஸ் பெட்டியும், கட்டிக்கொடுத்த பெண்ணின் சீர்வரிசைப் பாத்திரங்களும், ஒரு பீரோவும்.

"உள்ள படுக்க மாட்டீங்களா?"

"கல்யாணமான புள்ள ரெண்டு பேரு உள்ள இருக்காங்க. நாங்க வெளிய. உள்ள பூட்டுனா அனல்மா."

வீட்டில் ஒன்பது பேர். அதில் கான்கிரீட்டுக்குக் கீழே தூங்குவது நான்கு பேர். 'கூரை என்ன' என்று வீட்டைக் கேட்டோம். ஆளுக்கு ஆள் கேட்டிருக்க வேண்டும். மீதி வீடுகளிலும் போய்ப் பார்த்தோம். கொட்டகை இறக்காத வீடு ஒன்றிரண்டுதான். ஏற்கெனவே எடுத்த புள்ளிகளுக்கெல்லாம் திரும்பப் போக வேண்டிவந்தது. எங்களோடு வந்த உள்ளூர்ப் பெண், பட்டப்படிப்பு முடித்தவள், அன்றைக்கு என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். "அக்கா, முதல் நாளே என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல" என்றாள். கேட்டிருக்கலாம்தான்.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி. அதில் ஒரு பிளாஸ்டிக் பை. ரேஷன் கார்டு, ஆதார், பட்டா நகல், மீனவர் அடையாள அட்டை, பாஸ்புத்தகம். இது எனக்கு முதலில் வெறும் பையாகத்தான் தெரிந்தது. நான்காவது வீட்டிலும் அதே இடத்தில் அதே மாதிரி பை தொங்கியபோதுதான் உறைத்தது. ஓடும்போது கை தானாகப் போகிற இடம் அது. 2004இல் காகிதம் போனவர்கள் நிவாரணத்துக்கு 'நான்தான் நான்' என்று நிரூபிக்க அலைந்த கதையை மாலைக்குள் மூன்று பேரிடம் கேட்டுவிட்டேன். ஒரு வீட்டில் மட்டும் பை பீரோவுக்குள், சாவி மகனின் இடுப்பில், மகன் வளைகுடாவில். அவர்கள் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். சாயந்திரம் அந்த வீட்டைத் தாண்டிப் போகும்போது வாசலிலேயே ஆணி அடிக்கும் சத்தம்.

மதியம் ஊர்ச் சாவடியில் பெண்களை உட்காரவைத்து எடை போடச் சொன்னோம். எந்தக் காரணத்துக்கு எவ்வளவு எடை என்று ஆராய்ச்சியாளர்கள் அறைக்குள் உட்கார்ந்து முடிவு செய்வதுதான் வழக்கம். நாங்கள் பத்து அட்டையும் ஒரு கிண்ணம் புளியங்கொட்டையும் வைத்தோம். எது ரொம்ப முக்கியமோ அந்த அட்டையில் நிறையப் போடுங்கள் என்றோம். காப்பீட்டு அட்டையில் இரண்டே இரண்டு கொட்டை, அதுவும் எங்கள் மனசு நோகக் கூடாது என்று போட்டதாக இருக்கலாம். சேமிப்பு அட்டையை ஒருவர் எடுத்து, "இது என்ன, பேங்குல காசா?" என்றார். ஆமாம் என்றதும் தள்ளிவைத்தார்.

"அடகு வைக்க ஏதாச்சும் பாக்கி இருக்கான்னு ஒரு அட்டை போடு."

போட்டோம். கிண்ணத்தில் பாதி அங்கே போய்விட்டது. நடுவில் ஒரு தர்க்கம் வேறு. தாலியைக் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்று. சேர்க்கக் கூடாது என்று ஒரு பாட்டி தீர்ப்புச் சொன்னார். ஏற்கெனவே அடகுக் கடையில் இருக்கிற நகை 'இல்லை' கணக்கு, காதில் இருப்பது மட்டும் 'ஆம்' கணக்கு என்றும் முடிவானது. 44ஆவது கேள்வி. சாவடியில் இருந்த பதினான்கு பேரில் ஐந்து பேருக்கு 'ஆம்'. கூடை கழுவிய அம்மா தன் தோட்டைத் தொட்டுக் காட்டி, "என்னை ஆம்னு போட்டுக்க" என்றார்.

மூன்றாம் நாள் – அறைக்குள்

அனல். வெளியே போகவில்லை. நாகையில் தங்கியிருந்த விடுதி அறையில் தகவலைச் சரிபார்த்தோம்.

புள்ளிகளைத் திரையில் போட்டதும் கடற்கரையில் ஒன்றுகூட இல்லை. வரைபடத்தைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தால், அத்தனை வீடும் வடதுருவத்துக்கு அருகே, ஸ்வால்பார்டு தீவுகளின் வடமேற்கு ஓரத்தில் பனிக்கடலுக்குள் மிதந்துகொண்டிருந்தன. அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிவிட்டன, 10.7, 79.8 என்பதை மென்பொருள் 79.8, 10.7 என்று படித்திருக்கிறது. இந்தத் தொழிலில் எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற தப்பு. ஆனால் விழுந்த இடத்தைப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் தீவின் பெயர் ஆம்ஸ்டர்டாம் தீவு. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் திமிங்கில எண்ணெய் காய்ச்சிய இடம். அதே நூற்றாண்டில், 1658இல், நாகையைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்து 1781 வரை வைத்திருந்தவர்களும் அவர்கள்தான். சிரித்து முடித்துவிட்டு அட்டவணையில் இரண்டு பத்திகளை இடம் மாற்றினேன், ஊர் திரும்பி வந்தது.

அடுத்த தலைவலி உயரம். எல்லோரும் பயன்படுத்தும் இலவச உயரத் தகவல், 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் சுற்றி ராடாரால் அளந்தது. ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர். குடியிருப்பில் ஏழெட்டு வீடு ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும், எல்லாவற்றுக்கும் ஒரே உயரம். ராடார் மரம் இருந்தால் முழுக்கத் தரையைத் தொடாது, கிளைகளிலும் பட்டுத் திரும்பிவிடும். அதனால் கடலோரச் சவுக்குத் தோப்பெல்லாம் குன்று மாதிரி தெரிகிறது. அதிலும் அது சுனாமிக்கு முந்திய கரை. இந்த மட்டமான கடற்கரையில் அரை மீட்டர் வித்தியாசம்தான் தண்ணீர் வாசலோடு நிற்குமா வீட்டுக்குள் வருமா என்று முடிவு செய்யும், இந்தத் தகவலின் பிழையே சில மீட்டர். வீட்டு அளவில் இதை நம்பி உயரம் எழுதும் அறிக்கைகளைப் பார்த்தால் இனி எனக்குக் கோபம் வரும். நான் எழுதியவையும் அதில் அடக்கம்.

எந்தக் கரை எவ்வளவு அடிபடும் என்று மதிப்பிட, கடற்கரைக்கு என்று ஒரு குறியீட்டு எண் இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் எனும் கடல் தகவல் மையமும் நாட்டின் கடற்கரை முழுக்க அதைப் போட்டிருக்கிறது. கடல்மட்ட ஏற்றம், கரை மாற்றம், அலை உயரம், ஓத வீச்சு (கடல் ஏறி இறங்கும் அளவு), கரைச்சரிவு, தரை உயரம், நில அமைப்பு என ஏழு. கடற்கரைக்கு அது சரியான கேள்விகள்தான். ஆனால் ஏழில் ஒன்றிலும் மனுஷர் கிடையாது. அதனால்தான் வீடு வீடாக வந்தோம்.

வந்தும் ஒரு ஓட்டை. ஆண்கள் வீட்டில் இருக்கும் மாதத்தில் கேட்டதால், என் அட்டவணையில் எல்லா வீட்டிலும் திடகாத்திரமான இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். தூக்கிக்கொண்டு ஓட ஆள் உண்டு என்று மதிப்பெண் குறைகிறது. நவம்பரில் புயல் எச்சரிக்கை வந்தால்? "படகக் கட்ட கரைக்குப் போயிருவாங்க" என்று இரண்டு நாளாக எல்லா வீட்டிலும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். படகும் எஞ்சினும் வலையும் போனால் கடன்தான் மிச்சம், அதைக் காப்பாற்றத்தான் போவார்கள். 2004இல் கரையில் மீன் வாங்க, ஏலம் எடுக்க, தரம் பிரிக்கப் பெண்கள்தான் நிறையப் பேர் நின்றிருந்தார்கள், அதனாலும் அவர்கள் அதிகம் இறந்தார்கள். ஆக வீட்டில் எத்தனை பேர் என்பது ஒரு எண்ணே இல்லை, நேரத்தைப் பொறுத்தது. ராத்திரி எட்டு மணிவரை உட்கார்ந்து அந்தப் பத்தியை இரண்டாகப் பிரித்தேன்: மே பகல், நவம்பர் ராத்திரி. பச்சை வீடுகளில் பாதி மஞ்சளாகிவிட்டன.

நான்காம் நாள் – புஷ்பவனம்

வேதாரண்யம் சாலை. இருபக்கமும் மாந்தோப்பு, மல்லிகை. நடுநடுவே உச்சி இல்லாத தென்னைகள் இன்னும் நிற்கின்றன.

2018 நவம்பர் 16 விடிவதற்கு முன்னால் கஜா கரையேறியது நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில். "மொதல்ல வாடையிலேருந்து அடிச்சுது. அப்புறம் கம்முனு ஆயிருச்சு. விட்டுருச்சுன்னு வெளிய வந்தோம். வந்ததும் தெக்கேருந்து அடிச்சுது பாருங்க." புயலின் கண் தலைக்கு மேலே போயிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த அறிக்கையிலும் படித்ததில்லை. வடக்குப் பார்த்த கூரை ஓடுகளை முதல் காற்று தளர்த்தியது, தெற்குக் காற்று பிய்த்தது என்று ஒருவர் கையால் காட்டினார். கடல் இங்கே தண்ணீரைவிடச் சேற்றைத்தான் கொண்டுவந்து கொட்டியது. கரை மணலே தெரியாமல் கறுத்துக் கிடந்ததாம். எங்கள் படிவத்தில் வெள்ளம் உண்டு, சேறு இல்லை.

முகாமுக்குப் போகாதவர்களைத் தேடிப் பேசினோம். காரணம் எல்லா இடத்திலும் ஒன்று: மாடு. மாட்டை அவிழ்த்துவிட்டுப் போகவும் மனசில்லை, கூட்டிப்போக முகாமில் இடமும் இல்லை. படிவத்தில் கால்நடை 'சொத்து' பிரிவில் இருந்தது. மாடு இருந்தால் மதிப்பெண் நல்லது. ஒரு பெரியவர் இரவு முழுக்கத் தொழுவத்தில் மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதாகச் சொன்னார். அதே மாடுதான் எதிரே அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதைச் சொத்தில் வைப்பதா ஆபத்தில் வைப்பதா என்று வண்டியில் திரும்பும்போது நானும் ஓட்டுநரும் வெகுநேரம் பேசினோம். இரண்டிலும் வைத்தேன்.

ஐந்தாம் நாள் – அகஸ்தியன்பள்ளி, கோடியக்காடு

உப்பளக்காரர்களைப் பிடிக்க வேண்டுமென்றால் பகலில் வரக் கூடாது. இருட்டோடு பாத்தியில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் வாரி முடித்துவிடுகிறார்கள். காலை நான்கு மணிக்குப் போய் வரப்பில் நின்றே கேட்டோம். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளியது இங்கேதான், நினைவுத்தூண் இருக்கிறது. நான் அதே ஊரிலிருந்து வண்டியில் வந்தும் இடுப்பு வலிக்கிறது.

இங்கே ஒரே ஒரு விஷயம் எழுதினால் போதும். கோடியக்காட்டில் ஒரு வீட்டில் தண்ணீர் வந்த உயரத்தைச் சுவரில் காட்டினார்கள். முழங்காலுக்கு மேலே, சுண்ணாம்பு அங்கே வேறு நிறம். எங்கள் வரைபடத்தில் அந்த வீடு பாதுகாப்பானது. கிழக்குக் கரைக்கோட்டிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கிறது. "கடல்லேருந்து வரலம்மா. பின்னாடி, அளத்துப் பக்கமா ஏறி வந்துச்சு." சதுப்பு, உப்பளம், ஓடை எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து கிடக்கும் இந்த மூக்கில் கடல் எந்தப் பக்கம் என்பதற்கே ஒரு பதில் இல்லை. நான் தூரத்தைத் தப்பான கோட்டிலிருந்து அளந்திருக்கிறேன். ஒன்பது வருஷமாக.

திரும்பும் வழியில் காட்டுக் குதிரைகள் இரண்டு ரோட்டில் நின்றன. ஹாரனுக்கு அசையவில்லை.

ஆறாம் நாள் – மறுபடியும் கீச்சாங்குப்பம்

வரைபடத்தை நாகையில் ஃபிளெக்ஸ் அடிக்கும் கடையில் கொடுத்தோம். பூப்புனித நீராட்டு விழாவுக்கும் வரவேற்பு பேனருக்கும் நடுவில் எங்களுடையது. "தலைவர் படம் எந்த மூலையிலங்க?" என்று கேட்டார் கடைக்காரர்.

அச்சிட்டதில் வீடுகள் இல்லை. 250 மீட்டர் கட்டங்கள்தான். தனியாக இருக்கும் மூதாட்டி எங்கே, நகை இருக்கும் வீடு எது, ஆண் இல்லாத வீடு எது என்று புள்ளி வைத்து ஊர் நடுவில் மாட்டினால் அது யாருக்குப் பயன்படும் என்று யோசித்துப் பார்த்தேன். வட்டிக்காரருக்கும் திருடருக்கும்தான் முதலில். ஆனால் சாவடியில் விரித்ததும் முதல் கேள்வியே, "எங்க வீடு எங்க?"

இல்லை என்றதும் கொஞ்சம் முகம் சுண்டினார்கள். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொன்னேன். இந்த மதிப்பெண் ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டுப் போட்டது. பச்சை என்றால் தாங்கும் என்று அர்த்தமில்லை, பக்கத்துக் கட்டத்தைவிடக் கொஞ்சம் தேவலை என்றுதான் அர்த்தம். "அப்ப எல்லாரும் முழுகுனாலும் ஒருத்தர் பச்சைதான்" என்றார் வலை தைத்த அண்ணன். ஆமாம்.

அப்புறம் பால்பாயிண்ட் பேனா எடுத்து அவர்களே எழுத ஆரம்பித்தார்கள். சந்து எங்கே ஒடுங்குகிறது, எந்த மொட்டைமாடிக்கு ஏணி உண்டு, எந்தத் தெருவில் தூக்க நான்கு பேர் வேண்டும். அந்தக் கடைசிக் குறிக்கு நான் பெயர் எழுதச் சொல்லவில்லை, அவர்களும் எழுதவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

ஃபிளெக்ஸை அங்கேயே விட்டுவிட்டு, கைப்பேசியில் படம் மட்டும் எடுத்துக்கொண்டு சாயந்திர ரயிலைப் பிடித்தேன்.

பத்து நாள் கழித்து

இன்று காலை உள்ளூர்ப் பெண்ணிடமிருந்து குரல்செய்தி. பின்னால் கூடை கழுவும் சத்தம். "அக்கா, அம்மா சொல்லச் சொன்னாங்க. 44ஆவது கேள்விக்கு ஆம்னு போட்டோம்ல, இல்லைன்னு மாத்திக்கங்களாம். பள்ளிக்கூடம் திறக்குதுல்ல."

மாற்றினேன். மறுபடி கணக்கு ஓடவிட்டேன். கட்டத்தின் நிறம் மாறவில்லை.